114 சதம், டெஸ்டில் இரண்டு

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர் மார்க் ராம்பிரகாஷ் முதல்தர ஆட்டங்களில், அதாவது கவுண்டி ஆட்டமும் டெஸ்டும் சேர்ந்த பல நாள் ஆட்டங்களில், எடுத்தது 35,659 ரன், சராசரி 53. இங்கிலாந்துக்காக 52 டெஸ்டில் எடுத்தது 2,350 ரன், சராசரி 27. ஏறக்குறையப் பாதி. மனவலிமை இல்லாதவர் என்று அவர்மேல் முத்திரை குத்தினார்கள். மீதிப் பாதி எங்கே போயிற்று என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அப்பா கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக்காரர். மகன் 17 வயதில் மிடில்செக்ஸ் கவுண்டி (மாவட்ட) அணிக்குள் வந்துவிட்டார். மறு வருடமே, 1988-ல், லார்ட்ஸில் நாட்வெஸ்ட் கோப்பை இறுதியாட்டம். விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே வந்து 56 ரன் எடுத்தார். கோப்பை மிடில்செக்ஸுக்கு, ஆட்ட நாயகன் விருது அந்த 18 வயதுப் பையனுக்கு. அடுத்த பத்து வருடத்துக்கு இங்கிலாந்துக்குக் கவலையில்லை என்றுதான் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

1991-ல் ஹெடிங்லியில் முதல் டெஸ்ட். எதிரே வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்து வீச்சாளர்கள் மார்ஷல், ஆம்ப்ரோஸ், வால்ஷ், பேட்டர்சன். இரண்டு இன்னிங்ஸிலும் 27. தொடர் முழுக்க இப்படியேதான்: ஒன்பது இன்னிங்ஸ், அதிகபட்சம் 29, ஒன்றுகூட ஒற்றை இலக்கம் இல்லை. அந்தப் பந்துவீச்சை ஒவ்வொரு முறையும் சமாளித்து நின்றிருக்கிறார், பெரிய ஸ்கோர்தான் வரவில்லை. 21 வயது ஆட்டக்காரரிடம் இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அதே ஹெடிங்லியில் அறிமுகமான இன்னொருவர் கிரீம் ஹிக். முதல்தர ஆட்டங்களில் 136 சதம், டெஸ்டில் ஆறு. ஒரே நாளில் தொப்பி வாங்கிய இருவருக்கும் ஒரே கதி என்றால், குறை ஆட்டக்காரரிடம் மட்டும் இருக்க முடியாது.

அன்றைய இங்கிலாந்துத் தேர்வுமுறையை நினைத்துப் பாருங்கள். 1989-ல் ஆஸ்திரேலியாவுடனான ஆஷஸ் தொடர் ஒன்றில் மட்டும் 29 பேரை ஆடவைத்தார்கள். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது கவுண்டி. டெஸ்டுக்கு வருபவர் விருந்தாளிபோல வந்துபோனார். ஆட்டக்காரருக்கு இங்கிலாந்து வாரியமே சம்பளம் கொடுக்கும் மத்திய ஒப்பந்தம் வந்தது 2000-ல்தான். 1995-ல் லார்ட்ஸ் டெஸ்டில் ராம்பிரகாஷுக்கு இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம்; உடனே அணியிலிருந்து நீக்கம். அதே கோடையில் கவுண்டியில் 2,000 ரன்னைத் தாண்டிவிட்டார். மனம் உடைந்தவர் அடிக்கிற ரன்னா அது?

அவருடைய குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். கோபக்காரர். அவுட்டானால் அவரால் தன்னை மன்னிக்கவே முடியாது. இந்த ஆட்டத்தோடு இடம் போய்விடும் என்று அஞ்சியே ஆடுகிறவருக்கு அந்தக் குணம் விஷம். ஆனால் மனவலிமை இல்லாதவர் என்ற அந்த முத்திரையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அணியான ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் சராசரி 42! முதல் சதம் வந்தது 1998-ல், பார்படாஸில், அறிமுகமாகி ஏழு வருடம் கழித்து. ஆம்ப்ரோஸும் வால்ஷும் இருந்த அணிக்கு எதிராக 154. இரண்டாவது 2001-ல் ஓவலில், ஆஸ்திரேலியாவின் மெக்ராவையும் வார்னையும் எதிர்கொண்டு 133. எளிய எதிரியிடம் எடுத்த சதம் ஒன்றுகூட இல்லை.

2000-ல் நடுவரிசை ஆட்டக்காரரான அவரைத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கிப் பார்த்துவிட்டு, அதுவும் சரிவரவில்லை என்று நீக்கினார்கள். 2002-ல் டெஸ்ட் வாழ்க்கையே முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவருடைய பொற்காலம், சரே கவுண்டி அணியில். 2006-ல் 2,278 ரன், சராசரி 103. 2007-ல் 2,026 ரன், சராசரி 101. இங்கிலாந்தில் அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் மூன்று இலக்கச் சராசரி வைத்தவர் அதற்கு முன் யாருமில்லை. 99-வது சதத்துக்குப் பிறகு மூன்று மாதம் தவித்து, 2008 ஆகஸ்டில் நூறாவதை அடித்தார். எங்கே? முதல் டெஸ்ட் ஆடிய அதே ஹெடிங்லியில். நூறு சதம் கண்ட 25-வது ஆள் அவர்.

2009-ல் ஆஷஸ் கடைசி டெஸ்டுக்கு அவரை அழைக்க வேண்டும் என்று பலமாகக் குரல் எழுந்தது. அப்போது வயது 39. தேர்வாளர்கள் ஜொனாதன் ட்ராட்டை எடுத்தார்கள். அவர் முதல் டெஸ்டிலேயே 119 எடுத்தார், ஆஷஸும் கிடைத்தது. அந்த முடிவு சரியானதுதான், மறுக்கவில்லை. என் வருத்தமெல்லாம் 1995-ல் எடுத்த முடிவின் மேல்தான். அன்று அவருக்கு 25 வயது.