கவுன்சில் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம். பெற்றோருடன் இருக்க முடியாமல் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், பொறுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள், நன்றி. இங்கிலாந்தில் 2024 மார்ச் முடிவில் இவர்களின் எண்ணிக்கை 83 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள், தத்தெடுக்காமல் கவுன்சிலுக்காகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புப் பெற்றோரின் வீடுகளில் இருக்கிறார்கள். சிறுவர் இல்லங்களில் இருப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் சிக்கல் அங்கேதான் கூடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, ஒவ்வொரு கவுன்சிலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தேவையான தங்குமிடங்களை, இயன்றவரை தன் எல்லைக்குள்ளேயே ஏற்படுத்த வேண்டும் என்கிறது. வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், படிப்பு குழம்பக்கூடாது, அண்ணன் தம்பி அக்கா தங்கையைப் பிரிக்கக்கூடாது என்பவையும், இயன்றவரை என்ற நிபந்தனையோடு, சட்டத்தில் இருக்கின்றன. நல்ல சட்டம்தான். நடப்பது வேறு.

சிறுவர் இல்லங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தனியார் நடத்துபவை. மொத்த இல்லங்களில் ஏறத்தாழ கால்வாசி வடமேற்கு இங்கிலாந்தில் இருக்கின்றன. வீட்டு விலை குறைவாக இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். லண்டனிலோ மிகக் குறைவு. இல்லம் எங்கே திறக்கலாம் என்பதை வீட்டு விலை தீர்மானிக்கிறது, பிள்ளை எங்கே வளர்ந்தது என்பது அல்ல. 2022இல் சந்தைப் போட்டி ஆணையம் இதை ஆராய்ந்து, இந்த ஏற்பாடு சரியாக இயங்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அன்றிரவே இடம் தேவை என்று வைத்துக்கொள்வோம். சமூகப் பணியாளர் தொலைபேசியில் ஒவ்வோர் இடமாகக் கேட்கிறார். கிடைப்பது நூறு மைல் தொலைவில். விலையைப் பேசவும் நேரமில்லை. திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குத் தன் பள்ளி இல்லை, நண்பர்கள் இல்லை, அம்மம்மா வந்து பார்க்கவும் வழியில்லை. சில மாதங்களில் அந்த இடமும் ஒத்துவராமல் போனால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். இது என்னால் ஏற்க முடியாத ஒன்று. அவசரம் திடீரென்று வந்ததுபோலத் தெரியும். ஆனால் தங்கள் பகுதியில் ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள், எந்த வயதில், எத்தனை உடன்பிறப்புகளோடு பொறுப்புக்கு வருகிறார்கள் என்ற பதிவு கவுன்சிலிடமே இருக்கிறது. காலியான கட்டில்களை மட்டும் எண்ணாமல், இந்தப் பிள்ளைகளை முன்வைத்துத் திட்டமிட வேண்டும்.

கவுன்சில்கள் ஒன்றுசேர்ந்து இடங்களை ஏற்பாடு செய்யும் வட்டாரக் கூட்டமைப்புகளை கிரேட்டர் மான்செஸ்டரிலும் தென்கிழக்கிலும் அரசாங்கம் முயன்று பார்க்கிறது. பேரம் பேசும் வலிமை கூடும் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் வட்டாரம் பெரிதாகும்போது தூரமும் கூடிவிடாமல் பார்க்க வேண்டும்.

அப்புறம், நம்மவர்களிடம் ஒன்று. பிள்ளையின் மொழி, மதம், பண்பாட்டுப் பின்னணியையும் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தமிழ் பேசும் வளர்ப்பு வீடு அருகில் இல்லாவிட்டால் கவுன்சில் எங்கே போகும்? வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பிக்கச் சொந்த வீடு வேண்டியதில்லை, வாடகைக்கு இருப்பவர்களும் தனியாக வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக ஒரு தனி அறை இருக்க வேண்டும். பயிற்சி தருவார்கள், உதவித்தொகையும் உண்டு.

பெரும்பாலான கவுன்சில்கள், இந்தப் பிள்ளைகளுக்குத் தங்குமிடங்களை எப்படி ஏற்படுத்தப் போகின்றன என்ற திட்டத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. உங்கள் பகுதியின் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் இருபது மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்று அதில் இல்லாவிட்டால், உங்கள் கவுன்சிலருக்கு எழுதிக் கேளுங்கள்.