தரகருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பங்குத் தரகு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் அமெரிக்காவின் சார்லஸ் ஷ்வாபைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

நியூயார்க் தரகர்கள் 1792-இல் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தரகுக்கு ஒரு குறைந்தபட்சக் கட்டணத்தை வகுத்தார்கள். கட்டணத்தில் போட்டி கூடாது என்ற அந்த வழக்கத்தை 183 ஆண்டுகளுக்குப் பிறகு, 1975 மே 1 அன்று, அரசின் ஒழுங்குமுறை ஆணையம் முடிவுக்குக் கொண்டுவந்தது. புகழ்பெற்ற பழைய நிறுவனங்கள் சில பெரும் முதலீட்டாளர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து, சிறு முதலீட்டாளர்களுக்கு ஏற்றிய அந்த வேளையில், சான்பிரான்சிஸ்கோவில் சிறிய நிறுவனம் நடத்திவந்த 37 வயது ஷ்வாப், சிறு முதலீட்டாளர்களுக்கே கட்டணத்தைக் குறைத்தார். ஆனால் அதைவிடத் துணிச்சலான முடிவு என்று நான் கருதுவது வேறொன்று: தம் ஊழியர்களுக்குக் கமிஷன் தராமல் மாதச் சம்பளம் கொடுத்தார். அதனால் தேவையில்லாத பங்கை வாடிக்கையாளர் தலையில் கட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

1983-இல் நிறுவனத்தைப் பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு விற்றார். அந்த வங்கி நெருக்கடியில் சிக்கியபோது, 1987-இல், விற்றதைப்போலப் பல மடங்கு விலையாக 28 கோடி டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டார். செப்டம்பரில் பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார். அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு சரிந்தது. சில வாரங்கள் தாமதித்திருந்தால் அந்த வெளியீடு என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருந்தவரை 2004-இல் இயக்குநர் குழு மீண்டும் அழைத்தது. மலிவுக்குப் பெயர்பெற்ற நிறுவனமே அப்போது இணையப் போட்டியாளர்களைவிட அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது. 66 வயதில் திரும்பி வந்தவர் செலவையும் கட்டணத்தையும் வெட்டினார்; 2008-இல் வால்ட் பெட்டிங்கரிடம் பதவியை ஒப்படைத்தார்.

பெட்டிங்கர் காலத்தில், 2019 அக்டோபரில், இணையவழிப் பங்கு வணிகத்துக்கான கட்டணம் பூஜ்யமாயிற்று. கட்டணத்தையே பெரிதும் நம்பியிருந்த, போட்டித் தரகு நிறுவனமான டிடி அமெரிட்ரேடின் பங்கு விலை அன்றே விழ, அடுத்த மாதமே சுமார் 2,600 கோடி டாலருக்கு அதை வாங்கப்போவதாக ஷ்வாப் நிறுவனம் அறிவித்தது. கட்டணமே வாங்காமல் இருக்க ஷ்வாப் நிறுவனத்தால் எப்படி முடிந்தது? வாடிக்கையாளர்கள் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்துக்குச் சொற்ப வட்டி கொடுத்து, அதே பணத்தை வேறிடத்தில் போட்டுக் கூடுதல் வட்டி ஈட்டுவதிலிருந்தே நிறுவனத்தின் வருவாயில் பாதிக்குமேல் வந்துகொண்டிருந்தது. கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான்.

தானியங்கி முதலீட்டு ஆலோசனைக்குக் கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்த ஷ்வாப் துணை நிறுவனங்கள், அந்தக் கணக்குகளில் ரொக்கமாக ஒதுக்கிவைத்த பணத்தால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் இழப்பைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2022-இல் அதே ஒழுங்குமுறை ஆணையம் குற்றஞ்சாட்டியது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் அவை 18.7 கோடி டாலர் செலுத்தின.