ஆழ உழுகிற கிளப்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கிற மூத்த பயிற்சியாளர் அவர்களே, காசு வாங்காமல் இளையோர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிற நடுவர் நண்பர்களே, கடைசி வரிசையில் ஜெர்சியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. ஆட்டம் எட்டு மணிக்கு என்றால் ஆறு மணிக்கே வந்து கோல் கம்பத்தில் தன் கையாலேயே வலை கட்டுகிறவர் அவர். முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். வலையில் ஓட்டை இருந்தால் பையன் போட்ட கோல் கோல்தானா என்று சண்டை வரும், அந்தச் சண்டையில் பையன் மனசு உடையும் என்பார். மூத்த பயிற்சியாளர் ஐயாவிடம் நான் பந்தை நிறுத்தக் கற்றுக்கொண்டேன், அந்த நன்றியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு கால்பந்து கிளப் முதலாளிகளும் மேனேஜர்களும் ஆள் எடுக்கிற நெருக்கடியும். மூன்று பேரைப் பற்றிப் பேச வேண்டும். பணம் போடுகிற முதலாளி, அணியைத் தேர்ந்தெடுத்து ஆட வைக்கிற, தோற்றால் வேலையை இழக்கிற மேனேஜர், ஆட்டக்காரனுக்காகப் பேரம் பேசிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற ஏஜெண்ட். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்ற பழமொழியை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை, இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கதை. கதை என்றால் கட்டுக்கதை இல்லை, நடந்தது. 1996 நவம்பர், இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் கிளப். மேனேஜர் கிரேம் சூனஸ், லிவர்பூலில் ஐரோப்பியக் கோப்பைகளைத் தூக்கிய மனிதர், ஆட்டம் தெரியாதவர் இல்லை. அணியில் பலருக்குக் காயம், ஆள் பற்றாக்குறை. அந்த நேரம் பார்த்து ஒரு போன் வருகிறது. பேசுகிறவர் தன்னை ஜார்ஜ் வேயா என்கிறார். எந்த வேயா? 1995இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று பட்டம் வாங்கி அப்போது இத்தாலியின் ஏசி மிலான் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த வேயா, பிற்பாடு லைபீரியாவின் ஜனாதிபதியாகவே ஆனாரே, அவர். என் உறவுக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான், அலி டியா என்று பெயர், செனகல் நாட்டு அணிக்கு ஆடியிருக்கிறான், ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்கிறது குரல். உண்மையில் போனில் பேசியது வேயாவே இல்லை. ஆனால் அதை யார் விசாரித்தார்கள்? ஒரு மாத ஒப்பந்தம் போட்டாயிற்று. ஆர்சனல் கிளப்புக்கு எதிரான ஒரு நட்பு ஆட்டத்தில் இறக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தார்கள், மழையில் மைதானம் தண்ணீராகி அந்த ஆட்டமும் ரத்து. அந்த ஆட்டம் மட்டும் நடந்திருந்தால் பத்து நிமிடத்தில் சங்கதி வெளுத்திருக்கும்!

நவம்பர் 23, லீட்ஸ் கிளப்புக்கு எதிரான லீக் ஆட்டம். 32வது நிமிடம், அணியின் உயிர்நாடியான மேட் லெ டிசியேவுக்குக் காயம். பெஞ்சிலிருந்து யார் எழுந்து போகிறார்? முப்பத்துமூன்றாம் எண் சட்டையோடு அலி டியா. பந்து வலப்பக்கம் போனால் அவர் இடப்பக்கம் இருக்கிறார், சக ஆட்டக்காரர்களுக்கே அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று புரியவில்லை. கடைசியில் 85வது நிமிடத்தில், மாற்று ஆளாக இறங்கியவரை மாற்ற இன்னொரு மாற்று ஆளை இறக்கினார்கள். சௌதாம்ப்டன் 2-0 என்று தோற்றது. இரண்டு வாரத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டு எல்லாரும் சிரிக்கிறீர்கள், நானும் முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். ஆனால் அதே சௌதாம்ப்டனின் சொந்த இளையோர் அணியில் அன்றைக்குச் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த பையன்களை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் கண் முன்னால் ஆடிய பையனை விட முன்பின் தெரியாத ஒரு குரல் நம்பகமாகப் பட்டுவிட்டது. நெருக்கடி என்றால் இதுதான். மேனேஜர் முட்டாள் இல்லை, அவருக்கு அவகாசம் இல்லை.

சில சமயம் மேனேஜருக்கு அவகாசம் இருந்தாலும் அதிகாரம் இருப்பதில்லை. 2008இல் நியூகாசில் கிளப்பில் மேனேஜர் கெவின் கீகன் கேட்காத ஆளை, அவர் வேண்டாம் என்று சொல்லியும், இன்னொரு கிளப்பிலிருந்து தற்காலிகமாக இரவல் வாங்கி வந்தார்கள். ஆட்டத்தை நேரில் யாரும் பார்க்கவில்லை, யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னது பின்னால் விசாரணைத் தீர்ப்பில் வெளிவந்தது. அவர் வேலையை விட்டுப் போனார், அடுத்த வருடம் தீர்ப்பாயம் அவருக்கு 20 லட்சம் பவுண்ட் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

முதலாளிக்கு வருகிறேன். லீட்ஸ் யுனைடெட். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக்கில் வருடா வருடம் ஆடுவோம் என்று நம்பி, இனிமேல் விற்கப்போகிற டிக்கெட் பணத்தைக் காட்டி 6 கோடி பவுண்ட் கடன் வாங்கினார்கள். 2001இல் அரையிறுதி வரைக்கும் போனார்கள், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அடுத்த வருடம் அந்தப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அப்புறம் அணியின் நட்சத்திரம் ரியோ ஃபெர்டினாண்ட் போனார், ஒருவர் பின் ஒருவராகப் பலர் போனார்கள், 2004இல் முதல் நிலை லீக்கிலிருந்து இறங்கினார்கள், அதே வருடம் சொந்த மைதானத்தையே விற்றார்கள், 2007இல் மூன்றாம் நிலைக்குப் போனார்கள். அகல உழுதார்கள். விதைக்கிற நேரத்தில் நிலம் கையில் இல்லை.

இப்போது இன்னொரு கூத்து. எனக்கு வயிறு எரிகிற விஷயம் இது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கிலாந்தின் முதல் நிலையான பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது, கீழ் நிலையிலிருந்து புதிதாக வந்த கிளப்புக்கு வரம்பு அதைவிடக் குறைவு என்று விதி வைத்தார்கள். அதை மீறியதற்காக 2023-24 பருவத்தில் எவர்டனுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் புள்ளிகளைக் குறைத்தார்கள். விதி நல்லதுதான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? வெளியில் வாங்கின ஆளின் விலையை ஒப்பந்த வருடங்களில் பிரித்து எழுதுவார்கள், அதனால் அவரை விற்றால் மிச்சமிருக்கிற தொகையைக் கழித்த பிறகுதான் லாபம். எட்டு வயதில் வந்து அகாடமியில், அதாவது கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையனுக்குக் கொள்முதல் விலையே கிடையாது. அவனை விற்றால் வருகிற பணம் அத்தனையும் லாபம். அதாவது, கிளப்பை அதிகம் நேசிக்கிற பையனை விற்பதுதான் கணக்குக்கு நல்லது! ஃபாரஸ்ட் தன் வீட்டுப் பையன் பிரென்னன் ஜான்சனை 2023இல் விற்றது, விற்றது கணக்கு முடிகிற தேதிக்கு அப்புறம், அதனால் அந்த லாபம் அந்தக் கணக்கில் சேரவில்லை, அதுவே புள்ளி குறைத்த வழக்கில் ஒரு வாதமாகப் போனது.

ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோ கிளப்பைப் பாருங்கள். பாஸ்க் என்கிற அந்தப் பகுதி மண்ணில் பிறந்தவர்களும் அங்கே வளர்ந்தவர்களும்தான் ஆட முடியும், கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தம். ஸ்பெயினின் முதல் நிலை லீக்கிலிருந்து ஒரு தடவைகூட இறங்கியதில்லை, அந்தப் பெருமை ரியல் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இவர்களுக்கும் மட்டும்தான். 2024இல் நாற்பது வருடம் கழித்து ஸ்பானிஷ் கோப்பையை வாங்கினார்கள். அகல உழுவதை விட ஆழ உழு என்று நான் சொன்னால் கிழவன் பழமொழி பேசுகிறான் என்பீர்கள், பில்பாவோ ஆடிக் காட்டியிருக்கிறது.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது, தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். ஏஜெண்ட் பற்றிச் சொல்ல நேரமில்லை, அது தனிக் கூட்டமாகவே பேச வேண்டியது. நான் இன்று வந்ததே கடைசியாக ஒன்று கேட்கத்தான்.

ஒரு தடவை ஒரு பையனைப் பார்த்தேன். பதினாறு வயது. நீ வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, பூட்ஸ் முள்ளுக்கு நடுவில் இருந்த மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு முள்ளாக, ரொம்ப கவனமாக. நாளைக்குக் காலையில் ஆட்டம் இருக்கிற மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவன்தான் என்னிடம் 'சார், வீட்டுக்கு யார் போன் பண்ணுவாங்க?' என்று கேட்டான்.

ஒரு ஆட்டக்காரன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 சதவீதம் வரைக்கும் 12 வயதிலிருந்து 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதியே இருக்கிறது. விலை போன பையனுக்கு விதி இருக்கிறது, விலை போகாத பையனுக்கு ஒன்றும் இல்லை. ஆட்டக்காரன் விலைக்குக் கிளப் மாறுகிற ஒவ்வொரு டிரான்ஸ்பரிலும் அந்த விலையில் 1 சதவீதத்தை எடுத்து, அகாடமியிலிருந்து அனுப்பப்படுகிற பையன்களின் இரண்டு வருடப் படிப்புக்கும் தொழில் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசல் பக்கம் மேஜையில் தாள் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் முதலில் போடுங்கள், மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கு நானே தாளைக் கொண்டு வருகிறேன்.