முட்டைச் சுவரும் 'புல்லிங் மை லெக்'கும்

வணக்கம் மக்களே! காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டு வளவில் நிற்கிறேன். இந்தச் சுவரைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. பளிங்கு மாதிரி வழுவழுப்பு. சுண்ணாம்போடு கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசியது.

முட்டை என்று சொன்னதும் வெளிநாட்டு விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: 'ஆர் யூ புல்லிங் மை லெக்?' புதிதாக வீடு சுற்றிக் காட்ட வந்த பையன் என்றால், 'என் காலை இழுக்கிறாயா?' என்று சொல்லுக்குச் சொல் புரிந்துகொண்டு முகம் சுண்டிப்போகும். நம் ஊரில் காலை வாருவது பங்காளி பார்க்கிற வேலை ஆயிற்றே! அவர் கேட்டது 'சும்மா கதை விடறியாப்பா?' என்பதுதான். கோபப்பட ஒன்றுமில்லை.

இல்லாததைச் சொல்லி ஒருவரை ஒரு நிமிஷம் நம்பவைத்து, அப்புறம் 'சும்மா சொன்னேன்' என்று சேர்ந்து சிரிப்பதுதான் புல்லிங் லெக். 'ஆயிரம் ஜன்னல் வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தி முடிப்பதற்குள் விடிந்துவிடும், உடனே திறக்க ஆரம்பிப்பார்கள்' என்று விருந்தாளியிடம் அளந்துவிடுங்கள், அது.

லண்டன் டைபர்னில் தூக்கில் தொங்கியவர்களின் காலை இழுத்ததிலிருந்து இந்தப் பேச்சு வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அங்கே கடைசித் தூக்கு 1783இல். இந்தச் சொல்லோ 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தட்டுப்படுகிறது. ஆக, அந்தக் கதையே நம் காலை இழுக்கிறது.

'மேக்கிங் ஃபன் ஆஃப்' வேறு. கல்யாணப் பந்தியில் புது மாப்பிள்ளையிடம், 'மாப்பிள்ளை, எங்க ஊர்ல பாத்திரம் எல்லாம் மாப்பிள்ளைதான் கழுவணும்' என்று மச்சினன் சொன்னால் அது புல்லிங் லெக். அதே மாப்பிள்ளையின் திக்குவாயைப் பேசிக் காட்டினால் மேக்கிங் ஃபன். அங்கே அவர் சிரிக்க மாட்டார், மற்றவர்கள்தான் சிரிப்பார்கள். நாம் இரண்டையும் 'கலாய்க்கிறது' என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

எனக்கு எரிச்சலே இதில்தான். ஆபீசில் ஒருவர் நிறத்தையும் தொப்பையையும் வைத்து நாள் முழுக்க ஓட்டிவிட்டு, ஆள் முறைத்ததும் 'ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்' என்று நழுவுவார்கள். யாராவது அப்படி நழுவினால், 'நோ, யூ வேர் மேக்கிங் ஃபன் ஆஃப் மீ' என்று முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள். இலக்கணமும் சரி, நியாயமும் சரி.

சரி, வாங்க, இரண்டாங்கட்டுக்குப் போவோம். ஆச்சி பணியாரம் ஊற்றுகிறார்களாம்.