முதல் பாகத்தை வாங்கியது யார்?

வணக்கம் நேயர்களே.

ஃபேன்டஸி நாவல், அதாவது மாயக்கதை, எழுதுவது எப்படி என்று பேசும்படிதான் வானொலி நிலையத்தார் முதலில் கேட்டார்கள். எழுதச் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். சொந்தக் காசில் அச்சடித்து, பெட்டிகளை அறையில் அடுக்கி, இடம் போதாமல் கட்டிலுக்குக் கீழேயும் தள்ளி வைத்த பிறகு என்ன செய்வது, அதைப் பேசட்டுமா என்றேன். சரி என்றார்கள்.

திருகோணமலைக்காரருக்கு மாயக்கதை எழுத ஊருக்கு வெளியே போகத் தேவையில்லை. கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையில், இராவணன் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவு, இராவணன் வெட்டு இருக்கிறது. தாய்க்குக் கருமக்கிரியை செய்ய அவன் நிலத்தில் குத்திய இடங்களில்தான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஊறின என்பார்கள். கந்தளாய்க் குளத்தைக் கட்டக் குளக்கோட்டன் என்ற மன்னன் பூதங்களை வேலைக்கு வைத்த கதையும் நமக்குப் புதிதில்லை. இவ்வளவும் கையிலிருந்தும், பூதமும் வாளும் வரும் நாவலை இங்கே விற்பது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருக்கிறது. நாம் விற்கிற முறையில்தான் சிக்கல் என்பது என் கணிப்பு.

நமக்குத் தெரிந்த விற்பனை முறை ஒன்றுதான்: வெளியீட்டு விழா. மங்கள விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, நயவுரை. முதற்பிரதியை ஊரில் ஒரு வர்த்தகர் வாங்குவார். அப்புறம் சிறப்புப் பிரதிகள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறி, கவரைக் கையில் தந்து, புத்தகத்தைப் பெற்று, போட்டோவுக்கு ஒரு கணம் நின்று இறங்குவார்கள். எழுத்தாளரின் ஏற்புரை வருகிறபோது மண்டபத்தில் பாதிக் கதிரை காலியாக இருக்கும்.

இதை நான் கேலி செய்ய வரவில்லை. அந்தக் கவர்தான் அச்சகக் கடனை அடைக்கிறது. 800 ரூபாய்ப் புத்தகத்துக்கு 2,000 வைக்கிறவர் இருக்கிறார், 5,000 வைக்கிறவரும் இருக்கிறார். அது அன்பு. ஆனால் கவர் தந்த மாமா பறக்கும் பாம்பின் கதையை வாசிக்கப் போவதில்லை. புத்தகம் அவர் வீட்டு ஷோகேசில், கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டாம் பாகம் வெளியிட்டாலும் வருவார், கவரோடுதான் வருவார். மூன்றாம் பாகத்தின்போது அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

கவிதைத் தொகுப்புக்கு இந்த முறை போதும். ஒரு மாலையோடு கணக்கு முடிந்துவிடும். ஃபேன்டஸி அப்படி இல்லை. ஓர் உலகத்தை உண்டாக்கி, அதற்கு ஒரு வரைபடம் போட்டு, ராச்சியங்களுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது ஒரு புத்தகத்தில் அடங்காது. இரண்டாம் பாகத்திலிருந்து யாரும் வாசிக்கத் தொடங்கமாட்டார்கள். முதல் பாகத்தை எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை வாசித்தார்களோ, இரண்டாம் பாகத்தின் சந்தை ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே, விற்ற பிரதிகளை எண்ணுவதை விட, வாசித்தவர் யார் என்று தெரிந்து வைத்திருப்பது முக்கியம். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இதைச் சுற்றியதுதான்.

விழா வாசலுக்கே போவோம். அங்கே மேசை போட்டு ஒரு தம்பியோ தங்கச்சியோ கொப்பியோடு இருப்பார்கள். கொப்பியில் கோடு இழுத்து, ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் தொகை. அதே கொப்பியில் இன்னும் இரண்டு கோடு இழுங்கள். ஒன்றில் வட்ஸ்அப் இலக்கம். மற்றதில், இந்தப் புத்தகத்தை வீட்டில் யார் வாசிப்பார்கள் என்பது. கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். ‘எனக்கு இதெல்லாம் விளங்காது தம்பி, மகள் வாசிப்பாள், சாதாரண தரப் பரீட்சை எழுதிப்போட்டு வீட்டில்தான் இருக்கிறாள்.’ அந்தப் பிள்ளைதான் உங்கள் வாசகி. பிள்ளைகளின் இலக்கம் வேண்டாம், பெற்றோரின் இலக்கமே போதும். மேலட்டை அச்சானது முதல் விழா வரை நீங்கள் செலவழித்த காசுக்கெல்லாம் கிடைத்த சொத்து அந்த நாலாவது நிரலில் இருக்கிறது.

வட்ஸ்அப்பில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒலிபரப்புப் பட்டியல் போட்டு ஒரே நேரத்தில் பலருக்குச் செய்தி அனுப்பலாம்; ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டாது. ஆகவே மேசையடியில் நிற்கும்போதே, ‘அக்கா, என்ர நம்பரை ஒருக்காச் சேவ் பண்ணிவிடுங்கோ’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள். குழு தொடங்கினால் என்ன என்று கேட்பீர்கள். தொடங்கிய மறுநாள் அதில் காலை வணக்கப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் வந்து விழும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அந்தப் பட்டியலுக்கு மாதம் ஒரு செய்தி போதும். ‘வாங்கிவிட்டீர்களா’ என்று நச்சரிக்கக் கூடாது. வரைபடத்தின் ஒரு மூலை, வில்லனின் அரண்மனைக்கு ஓவியர் போட்ட கோட்டுப்படம், இரண்டாம் பாகத்திலிருந்து ஒரு பந்தி. ஃபேன்டஸி வாசிப்பவர்கள் இப்படியானவற்றை ஆசையோடு வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள்.

இனிப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். பின்னட்டையில் எழுத்தாளரின் கோட்டு சூட்டுப் படம், பட்டங்கள், வகித்த பதவிகள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கதையைப் பற்றி ஆறு வரி இருக்கட்டும்: யார், எங்கே, என்ன ஆபத்து. உள்ளே போனால் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை. கதைக்குள் நுழைய இருபது பக்கம் தாண்ட வேண்டும். அச்சுப் புத்தகத்திலாவது புரட்டிக்கொண்டு போகலாம். அமேசனின் மின்நூல் கடையான கிண்டிலில் வாங்க வருகிறவருக்கு இலவச மாதிரியாகக் காட்டப்படுவது பெரும்பாலும் நூலின் முதல் 10 வீதம். 200 பக்க நாவலில் முதல் இருபது பக்கமும் வாழ்த்துரை என்றால், அவர் உங்கள் கதையில் ஒரு வரியைக்கூடக் காணாமலே போய்விடுவார். உரைகள் வேண்டுமென்றால் கடைசியில் போடுங்கள். எழுதித் தந்த பெரியவர்கள் கோபிக்கக்கூடும்; இரண்டொரு நாளில் சரியாகிவிடும்.

நான் அதிகம் மினக்கெடுவது கடைசிப் பக்கத்தோடு. கதை முடிகிறது, வாசித்தவர் இன்னும் அந்த உலகத்துக்குள்ளேயே இருக்கிறார். அந்த நிமிடத்தில் அடுத்த பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயம். அதன் கீழே உங்கள் வட்ஸ்அப்புக்கு நேரே போகிற ஒரு கியூஆர் குறி, இரண்டாம் பாகம் எந்த மாதம் வரும் என்ற ஒரு வரி. நம் புத்தகங்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் வெள்ளைத் தாள் இருக்கிறது, இல்லாவிட்டால் அச்சகத்தின் விளம்பரம்.

கிண்டிலைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். எழுத்தாளர் தன் நூலைத் தானே வெளியிடும் அமேசனின் கே.டி.பி. தளத்தில் 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்நூல் போடலாம். காசு கட்டத் தேவையில்லை. கே.டி.பி. செலக்ட் என்று ஒரு திட்டம் உண்டு. சேர்ந்தால், சந்தா கட்டி நூல்களை வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தின் சந்தாக்காரர் உங்கள் நூலை வாசிக்க வாசிக்கப் பக்கக் கணக்கில் காசு வரும், 90 நாளில் 5 நாள் இலவசமாகவும் கொடுக்கலாம். பதிலுக்கு அந்த 90 நாளும் மின்நூல் வேறு எங்கும் கிடைக்கக் கூடாது. மாதிரியாக 10 வீதம் வரை வெளியே காட்டலாம், அவ்வளவுதான். நாவல் முழுவதையும் ஏற்கெனவே பிரதிலிபி என்ற கதைத் தளத்திலோ பேஸ்புக்கிலோ தொடராகப் போட்டவர்கள் அதை எடுத்துவிட்டுத்தான் இதில் சேர வேண்டும். அச்சுப் புத்தகத்தை இந்த நிபந்தனை தொடாது. வரிப் படிவத்தையும் ஒழுங்காக நிரப்புங்கள். இல்லையென்றால் அமெரிக்கக் கடையில் விற்றதற்கான உரிமைத்தொகையில் 30 வீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருக்கிறது, அதைப் படிவத்தில் குறிப்பிட இடமும் இருக்கிறது.

ஆனால் நம் ஊர் வாசகருக்குக் கிண்டில் தோதுப்படாது. கார்ட் வேண்டும், டொலர் விலை வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற நம் ஆட்களுக்குத்தான் அது. அவர்களில் பலர் இருபது வருடமாகச் சுவாமி மலையைக் காணாதவர்கள். கதை திருகோணமலையில் நடக்கிறது என்பதை மேலட்டையிலேயே தெரியும்படி செய்தால், ஃபேன்டஸி பிடிக்காதவரும் ஊருக்காக ஒருமுறை திறந்து பார்ப்பார்.

கடைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். விலை 1,000 ரூபாய், ஒரு பிரதி அடிக்க 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கழிவு 35 வீதம் கொடுத்தால் கைக்கு 650. மிச்சம் 150. அதில் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பொதி அனுப்பும் செலவு போனால் தேநீர்க் காசுதான். அதுவும் விற்ற பிறகு, கேட்டுக் கேட்டுத்தான் வரும். கடையில் போடவேண்டாம் என்று சொல்லமாட்டேன். பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைவாகப் போடுங்கள். வாங்கியவர் யார் என்று கடைக்காரர் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அந்த வேலையைக் கடைசிப் பக்கத்துக் கியூஆர் குறிதான் செய்ய வேண்டும்.

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அச்சுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அது இல்லாத புத்தகத்தைப் பெரிய கடைகள் இலேசில் எடுக்காது.

அப்புறம் பள்ளிக்கூடங்கள். கிறிஸ்டோபர் பாவோலினி என்ற அமெரிக்க இளைஞர் பதின்ம வயதில் டிராகன் கதை எழுதினார். 2002இல் பெற்றோரே அதை அச்சடித்தார்கள். குடும்பமாகப் பாடசாலை, நூலகம், புத்தகக்கடை என்று நூற்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் போனார்கள். அவர் பழங்கால ஐரோப்பிய உடை உடுத்திக்கொண்டு பேசினார். 2003இல் ஒரு பெரிய பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. நமக்கு உடுப்பு வேண்டாம், இங்குள்ள வெயிலுக்கு அது தாங்காது. ஆனால் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளும் நூலகங்களும் பேச ஆள் தேடுகிற காலம் அது. அதிபரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். தம்பலகாமத்திலோ மூதூரிலோ ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால், குளக்கோட்டன் பூதங்களுக்குச் சம்பளம் என்ன கொடுத்திருப்பான் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகவே இருக்காது.

அங்கே 1,000 ரூபாய் நாவலைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். பிள்ளையின் கையில் அவ்வளவு காசு இல்லை. நாவலுக்கு முன்னால் நடந்த ஒரு சின்னக் கதையை 32 பக்கத்தில் ஒரு சிறு புத்தகமாக அடித்து மலிவாகக் கொடுங்கள். அச்சுக் கூலி வந்தால் போதும். வெளியூரிலிருந்து கோணேசர் கோயிலுக்கு வந்து, கோட்டைக்குள் மானுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்களும் அந்தச் சின்னப் புத்தகத்தை வாங்குவார்கள். 400 பக்கத்தை யாரும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

பிடிஎப் திருட்டைப் பற்றி நீளமாகப் பேசலாம், பயனில்லை. டெலிகிராமில் ஏறினால் ஏறியதுதான். முதல் மூன்று அத்தியாயத்தை வரைபடத்தோடு அழகான பிடிஎப்பாக நீங்களே விடுங்கள், கடைசியில் உங்கள் இலக்கத்தோடு. செலக்டில் இருந்தால் அந்த 10 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2022 மார்ச்சில் பிராண்டன் சாண்டர்சன் என்ற ஃபேன்டஸி எழுத்தாளர், தான் எழுதி வைத்திருந்த நாலு நாவலைத் தானே வெளியிடப் போவதாக, வாசகர்களிடம் முன்கூட்டியே காசு திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் அறிவித்தார். 41 மில்லியன் டொலருக்கு மேல் சேர்ந்தது. அதைக் காட்டி, இணையத்தில் போட்டால் காசு கொட்டும் என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. அவருடைய முதல் நாவல் வந்தது 2005இல். பதினேழு வருடமாகப் பதிப்பகங்கள் வழியாகச் சேர்ந்த வாசகர்கள் அவருக்குப் பின்னால் இருந்தார்கள். அறிவிப்பு வந்த அன்று அது யாருக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக நாள் கணக்கு. கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி செப்ரெம்பரில், வாசிப்பு மாதம் ஒக்டோபரில், சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில். ஓகஸ்ட்டில் புத்தகம் கையில் இருந்தால் மூன்றையும் பிடிக்கலாம். முதலில் டிஜிட்டல் அச்சில் நூறோ இருநூறோ அடியுங்கள். பிரதி ஒன்றுக்குக் கூடத்தான் செலவாகும், ஆனால் கட்டிலுக்குக் கீழே பெட்டி தேங்காது. இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப்படி முடியாமல் முதல் பாகத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் எந்த மாதத்தைப் போடுவது என்று அச்சகத்தார் கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.