சாப்பிடாத நாளிலும் இன்சுலின்

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோயில் வரும் கீட்டோ அசிடோசிஸ் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, உயிருக்கு ஆபத்தாகும் நிலை அது.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா இன்சுலின் எப்போ போட்டீங்க?" என்றுதான். பல வருடங்களாக எனக்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒண்ணுமே சாப்பிட முடியலை டாக்டர், அதனால ஊசி போடலை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாப்பிட்டால்தானே சர்க்கரை ஏறும், சாப்பிடாதவருக்கு எதற்கு இன்சுலின்? இந்தக் கணக்கு தப்பு. இதைச் சொல்லத்தான் வந்தேன், இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பட்டினி கிடந்தாலும் நம் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. அதுவே சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். காய்ச்சலோ சளியோ வந்தால் அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறி, அதை இன்னும் வேகமாகத் தயாரிக்க வைக்கும். ஆக, ஒரு வாய் சோறு இறங்காத நாளில்தான் சிலருக்கு வழக்கத்தைவிட அதிக இன்சுலின் தேவைப்படுகிறது.

இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொழுப்பு கண்டபடி கரையாமல் பிடித்து வைப்பதும் அதுதான். அந்தப் பிடி போனால் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போய்க் கீட்டோனாக மாறும். விரதம் இருப்பவருக்கும் கீட்டோன் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் உடம்பில் கொஞ்சமாவது இன்சுலின் இருப்பதால் அது எல்லை மீறுவதில்லை. இன்சுலினே இல்லாதவருக்கு அதைத் தடுக்க எதுவும் இல்லை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். கனடாவின் டொரோன்டோ நகரம், 1922 ஜனவரி. லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன், ஏறக்குறைய 29 கிலோ எடை. இன்சுலின் இல்லாத அந்தக் காலத்தில் இருந்த ஒரே வைத்தியம் பட்டினி போடுவதுதான். அதனால் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். கவனியுங்கள், சாப்பாட்டைக் குறைத்தும் அவன் சிறுநீரில் கீட்டோன் இருந்தது. ஜனவரி 11 அன்று, பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணையத்திலிருந்து எடுத்த சாறு அவனுக்கு ஊசியில் போடப்பட்டது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. கீட்டோன் அசையவில்லை, ஊசி போட்ட இடம்தான் வீங்கியது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். கூட வேலை பார்த்த காலிப் என்ற வேதியியல் வல்லுநர் அந்தச் சாற்றை மேலும் சுத்தம் செய்து கொடுத்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். 520 இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120-க்கு இறங்கியது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, சிறுநீரில் கீட்டோன் இல்லாமலே போனதுதான். பட்டினியால் முடியாததை இன்சுலின் செய்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்தான்.

சரி, இப்போதைய நிலைக்கு வருவோம். கீட்டோன் ஏறுவதை எப்படித் தெரிந்துகொள்வது? தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி. அப்புறம் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'வயிற்றுக்கு ஏதோ ஒத்துக்கவில்லை' என்று வாந்தி மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். அடுத்து வருவது மூச்சு. ஓடி வந்தவரைப் போல ஆழமாக, வேகமாக, நிற்காமல் வாங்கும். ரத்தத்தில் உள்ள அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடம்பு படும் பாடு அது. மூச்சில் பழ வாசனை வரும் என்பார்கள். எல்லா மூக்குக்கும் அது எட்டுவதில்லை, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆகவே காய்ச்சல் நாளில் அடிப்படை இன்சுலினை, அதாவது நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை, நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு நேர ஊசியின் அளவை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள். தண்ணீரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். கையில் ரத்தக் கீட்டோன் பார்க்கும் கருவி இருந்தால், 0.6-க்குக் கீழே சரி. 1.5 தாண்டினால் மருத்துவரை அழையுங்கள், 3 என்றால் நேராக ஆஸ்பத்திரி. கருவி எதுவும் இல்லை, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, "மணிக்கு மணி ஏன் டாக்டர் ரத்தம் எடுக்கறீங்க?" என்று உறவினர்கள் கோபப்படுவது உண்டு. முதலில் உப்பு நீர் ஏற்றுகிறோம், பிறகு இன்சுலினைச் சிறுகச் சிறுக விடுகிறோம். இன்சுலின் போனதும் ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் செல்லுக்குள் போய்விடும். அது ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அதற்காகத்தான் அத்தனை ரத்தம். சர்க்கரை இறங்கிய பிறகும் இன்சுலினை நிறுத்த மாட்டோம். குளுக்கோஸையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு, கீட்டோன் அடங்கும்வரை தொடர்வோம். பார்த்தீர்களா, அங்கேயும் அதே கதைதான்!

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதும் கீட்டோன் ஏறலாம். மீட்டரைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அறுவை சிகிச்சை என்றால் இந்த மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். குழந்தைகளைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைத்து, இளைத்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். நன்றி, வணக்கம்.