அழித்துப் பதிந்த கேசட்

நண்பர்களுக்கு வணக்கம். படம் முடிந்து விளக்கு போட்டதுமே பின்வரிசையிலிருந்து ஒருவர், "அந்த ஆட்டு மந்தையை ஏன் சார் இவ்வளவு நேரம் காட்டுறாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்து பதில் சொல்கிறேன்.

இப்போது நாம் பார்த்த 'காலண்டர்' படத்தை எடுத்த ஆட்டம் எகோயன் 1960இல் கெய்ரோவில் பிறந்தவர். அப்பா அம்மா இருவருமே ஆர்மேனிய ஓவியர்கள். எகிப்துக்கு அணு உலை வந்த பெருமையில் பிள்ளைக்கு அணுவின் பெயரையே வைத்துவிட்டார்கள். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கனடாவின் விக்டோரியா நகருக்குப் போனது. அங்கே யெகோயான் என்ற குடும்பப் பெயர் எகோயன் ஆயிற்று. பெயர் மாறுவது நமக்கும் தெரிந்த கதைதானே! சென்னைப் பாரிமுனையில் ஆர்மேனியர் வாழ்ந்த தெரு நம் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது. அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது, ஆர்மேனியத் தேவாலயம்தான் நிற்கிறது.

பையனும் மற்ற பிள்ளைகளோடு ஒட்ட வேண்டும் என்று தாய்மொழியை விட்டுவிட்டான். டொரொன்டோவில் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அதன் மேல் நாட்டம் வந்தது. 1984இல் வந்த முதல் முழுநீளப் படத்தின் கதாநாயகன் ஒரு வெள்ளைக்கார இளைஞன். ஆர்மேனியக் குடும்பம் ஒன்றின் வீடியோவைப் பார்த்துவிட்டு, நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், "நீங்கள் தத்துக் கொடுத்த மகன் நான்தான்" என்கிறான். பொய்தான். அவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

அடுத்த படம் 'ஃபேமிலி வியூயிங்', 1987. என் கணக்கில் எகோயனின் மொத்த சினிமாவுக்கும் சாவி இதில்தான் இருக்கிறது. வீட்டில் பழைய வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மகனின் சின்ன வயசு, வீட்டை விட்டுப் போய்விட்ட ஆர்மேனியத் தாய், பாட்டி எல்லாரும் இருக்கிறார்கள். அப்பா அதே கேசட்டுகளின் மேல் தன் படுக்கையறைக் காட்சிகளைப் பதிந்துகொண்டிருக்கிறார். மகன் பெயர் வான். 1915இல் ஒட்டோமான் துருக்கி ஆட்சி ஆர்மேனியரைக் கொன்று குவிப்பதற்கு முன்பு அவர்கள் நிறைந்திருந்த ஊரின் பெயரும் அதுதான். இனப்படுகொலை என்ற சொல்லே படத்தில் வேண்டியிருக்கவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று துருக்கி அரசு இன்றுவரை சாதிப்பதும் கேசட்டின் மேல் கேசட் பதிகிற வேலைதானே?

1997இல் வந்த 'தி ஸ்வீட் ஹியராஃப்டர்' அவருக்கு இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகளைத் தேடித் தந்தது. பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு பனி ஊரின் கதை. ஆர்மேனியர் யாரும் அதில் இல்லை. ஆனாலும் விபத்தில் தப்பிய சிறுமி சாட்சி சொல்ல உட்காரும்போது நமக்கு அதே பழைய கலக்கம்தான்.

2002இல் 'அராரத்' படத்தில் 1915ஐ நேருக்கு நேர் தொட்டார். எனக்கு அது திணறுகிற படம். ஒரே படத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் அவசரம். ஒரு காட்சிக்காக மட்டும் மன்னித்துவிடலாம். அந்தப் படுகொலையில் உயிர் தப்பிய ஆர்மேனிய ஓவியர் அர்ஷில் கோர்க்கி, பசியில் செத்துப்போன தன் அம்மாவை 1912ஆம் வருஷத்துப் புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரைகிறார். வரைந்த கைகளைத் தன் விரலாலேயே தேய்த்து அழிக்கிறார். நிஜ ஓவியத்திலும் அந்தத் தாயின் கைகள் வெறும் வெள்ளைத் திட்டுகள்தான்.

சரி, இன்று பார்த்த 'காலண்டர்' படத்து ஆடுகளுக்கு வருவோம். சோவியத்திலிருந்து ஆர்மேனியா பிரிந்த புதிது. கணவர் காலண்டருக்காகப் 12 தேவாலயங்களைப் படம் பிடிக்க வருகிறார். அவருக்கு மொழி தெரியாது. காரோட்டி சொல்வதை மனைவிதான் மொழிபெயர்க்கிறாள். கணவராக எகோயனே நடித்திருக்கிறார். மனைவியாக வருபவர் அவருடைய நிஜ மனைவி அர்சினே கான்ஜியன். ஆர்மேனியாவில் எடுத்த காட்சிகளில் கணவரின் குரல் மட்டும்தான் கேட்கும், முகம் தெரியாது. கேமராவுக்குப் பின்னாலேயே இருந்துவிடுகிறார். கடைசியில் தொலைபேசியில் மனைவி விட்டுவைத்த செய்தியைக் கவனித்தீர்களா? நீ ஆடுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் என் கைமேல் கை வைத்தான், நானும் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன் என்கிறாள். நீ அங்கேதான் இருந்தாயா என்றும் கேட்கிறாள்.

அவ்வளவு நேரமும் கார் ஓடுகிறது, மந்தை ஓடுகிறது. கேமரா ஒரு தடவைகூட காருக்குள்ளே திரும்பவில்லை, பாருங்கள்.